கேட்காமல் வந்த மானியம்

அந்த வருஷம் தீபாவளிக்கு மில்லில் கொடுத்த இனிப்புப் பெட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவுப் பெண்கள் பெட்டியை வாங்கியதும் ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் வாங்கிய பெட்டியை மேசைமேலேயே திரும்ப வைத்தாள்.

“போன வருசம் இதுல பாதிதான இருந்துச்சு. இந்த வருசம் என்ன கூடுதலா?”

“லாபம் வந்திருக்கு, குடுக்குதாவ. வாங்கிட்டுப் போங்கக்கா” என்றார் கொடுத்துக்கொண்டிருந்த கிளார்க்.

“லாபம் வந்தா சம்பளத்துல வரணும். மைசூர்பாகுல வந்தா அதுல என்னமோ இருக்கு.”

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனாள். வேண்டாம் என்று உதறுகிற ரகம் இல்லை அவள். வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டே சந்தேகப்படுவாள். தீபாவளி கழிந்து மில் திறந்ததும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். பெண்கள் தாளைப் படித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் சொன்னது பலித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. சோற்று வாளியைத் திறந்து, மற்ற நாளைவிட வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் அந்த நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தேன். சங்கரன்கோவிலைத் தாண்டி, குருவிகுளம் போகிற ரோட்டில், சுற்றிலும் கரிசல் காடு. அவள் பனவடலிசத்திரம் பக்கத்தில் இருந்து மில் வேனில் வருவாள். மூன்றாம் நம்பர் வைண்டிங் மெஷின் அவளுடையது. எல்லோருக்கும் ‘வைண்டிங் அக்கா’. பெயரை நான் எழுதப் போவதில்லை. அவள் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறாள். தன் பெயரைப் போட்டு யாராவது எதையாவது எழுதினால் எதற்காக எழுதினார்கள் என்று அவள் முதலில் விசாரிப்பாள்.

ஒல்லியான, உயரமான உடம்பு. கூட்டமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவாள். யாராவது அவளிடம் பேச வந்தால் முதல் வார்த்தைக்குப் பதில் சொல்லமாட்டாள், இரண்டாவது வார்த்தை என்ன என்று காத்திருப்பாள். “கேக்காம வந்தது, எதையாச்சும் கேட்டு வாங்கிட்டுத்தான் போவும்” என்பது அவள் அடிக்கடி சொல்வது. நாளடைவில் வைண்டிங் பெண்கள் எல்லோரும் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மில்லில் புது விளக்கு போட்டால்கூட மேலே பார்த்துக்கொண்டு யாராவது ஒருத்தி அதைச் சொல்லிவிடுவாள்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். சித்தப்பன் ஏமாற்றிப் புஞ்சையை எழுதி வாங்கிவிட்டான் என்றார் ஒருவர். கல்யாணத்தில் ஏதோ நடந்தது என்றாள் இன்னொருத்தி. நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் எதற்கு விசாரிக்கிறேன் என்று யோசித்திருப்பாள்.

அவள் சந்தேகம் எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்லமுடியாது. ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் குழு வந்து மில் வாசலில் இலவசக் கண் பரிசோதனை நடத்தியது. அவள் பெண்களைப் போகவிடவில்லை. “கண்ணு தெரியலன்னு எழுதுனா மெசின்ல இருந்து எடுத்துருவாவ. ஒருத்தியும் போவாதிய” என்று சொல்லிவிட்டாள். அவளுடைய நெருங்கிய சிநேகிதி, பக்கத்து மெஷின் கோமதிக்கு அப்போதே நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கண் மங்கும். கோமதியும் போகவில்லை. வந்தவர்கள் யார் பெயரையும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கவில்லை. போன ஆண்களுக்கெல்லாம் கண்ணாடி கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அவளிடம், “பாத்தியாம்மா, நல்ல மனுசங்கதான் வந்திருக்காங்க. கோமதிக்கு ஒரு கண்ணாடி போச்சே” என்றேன்.

“இந்த வாட்டி தப்பிச்சோம்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள்.

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே அவளுக்குப் பிடிக்காது. “வையுத ஆளு என்ன நெனைக்கான்னு நமக்குத் தெரிஞ்சுரும். இந்த ஆளு என்ன நெனைக்காருன்னே தெரியலியே அண்ணாச்சி” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்கிறவன். எனக்கும் தெரியாது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த மேனேஜர்தான் ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் கேண்டீனுக்கு வரச்சொல்லி மானியத்தைப் பற்றிச் சொன்னார். அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைக்கவேண்டும். மாதாமாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து பாதுகாப்பு, விடுப்பு, வேலை நிலைமை எல்லாவற்றையும் பேசவேண்டும். அப்படிப் பேசுகிற மில்லுக்கு மானியம். அதை வைத்துக் கூட்டம் நடத்த இடம் அமைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், பாதுகாப்புச் சாதனங்கள் வாங்கலாம்.

“எதாவது கேக்கணும்னா கேளுங்க” என்றார்.

அவள் எழுந்தாள். “சார், ஒரு சந்தேகம். நாம ரெண்டு பேரும் பேசிக்கிடுததுக்கு கவர்மெண்டு எதுக்குத் துட்டு குடுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

“நல்லாப் பேசிக்கிட்டா சண்டை வராதுங்கம்மா. சண்டை வரலைன்னா உற்பத்தி கெடாது. அது அரசாங்கத்துக்கும் நல்லதுதானுங்களே.”

“அப்போ சண்டை போடாம இருக்கதுக்குத்தான் துட்டு.”

“பேசறதுக்குங்க.”

“ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு கேக்கேன்.”

மேனேஜர் அடுத்த கேள்வி இருக்கிறதா என்று வேறு பக்கம் பார்த்தார்.

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓர் ஆளைத் தொழிலாளர் பக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கவேண்டும். வைண்டிங்கில் கோமதிதான் முதலில் அவளுக்குக் கை தூக்கினாள். அப்புறம் எல்லாக் கைகளும். நிர்வாகத்தின் பக்கத்தில் மேனேஜர், அக்கவுண்டன்ட், நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை, சேர்த்துவிட்டார்கள்.

“நீங்க எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று மறுநாள் கேட்டாள்.

“நான் மெசின் பக்கம்” என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. “மெசினும் அவிய மெசின்தான” என்றாள்.

வைண்டிங் கொட்டகையில் அப்போது ஒரே ஒரு பெரிய பிரச்சினை தூசி. நூலைக் கோனில் சுற்றச் சுற்றப் பஞ்சு இழை பிரிந்து காற்றில் மிதக்கும். அதை வெளியே இழுப்பதற்குச் சுவரின் உச்சியில் ஒரு பெரிய ஃபேன் உண்டு. அதன் மோட்டார் எரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. காயிலைத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன், தாங்கவில்லை. புது ஃபேன் வேண்டும் என்று நானே எத்தனையோ தடவை மேனேஜரிடம் சொல்லியாயிற்று. “பாக்கலாங்க” என்பார். பெண்கள் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். ஷிப்ட் முடிந்து வேனுக்குப் போகும்போது எல்லோருக்கும் புருவம் வெள்ளையாக இருக்கும். கோமதிக்கு இருமல் வந்தால் மெஷின் ஓசையைத் தாண்டிக் கேட்கும். சில நாள் இருமி முடித்துவிட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மானியத்தின் முதல் தவணை வந்தது. ஆபீஸ் கட்டடத்தில் ஓர் அறையை எடுத்துக் கூட்டுக் குழு அறை என்று பலகை மாட்டினார்கள். ஏசி, கண்ணாடி பதித்த நீள மேசை, சுழல் நாற்காலிகள். முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தட்டில் சமோசாவும் மிக்சரும் வைத்தார்கள். அவள் தட்டை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு ஃபேனைப் பற்றிப் பேசினாள். மேனேஜர் கவனமாகக் கேட்டார், “ரொம்ப நியாயமான கோரிக்கைங்க” என்றார். இரண்டாம் கூட்டத்தில் அவள் மறுபடியும் கேட்டாள். “ரெண்டாவது தவணை வரட்டுங்க” என்றார். மூன்றாவது கூட்டம் நடக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அறையைப் பூட்டிவைத்தார்கள். முதலாளி வீட்டு விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறப்பார்கள்.

“மொதத் துட்டுல பேசுததுக்கு ரூம்பு வந்துட்டு. பேச்சுதான் வரல” என்றாள் அவள்.

மாதங்கள் போயின. ஒருநாள் மேனேஜர் குழுவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, இரண்டாம் தவணைக்கு முன்னால் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றார். மாதாமாதம் கூட்டம் நடந்ததற்குப் படம் வேண்டும். வரும் சனிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவிலிருந்து ஆள் வருவார். ஆண்கள் மாற்றுச் சட்டை கொண்டுவரவேண்டும், பெண்கள் மாற்றுச் சேலைகள். அவ்வளவு நிதானமாக, ஏதோ சுற்றுலாவுக்குத் தேவையான சாமான்களைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். இப்போது ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அவள் தனியாக மேனேஜர் அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருந்தது. வேன் அவளுக்காகக் காத்துக்கிடந்தது. வெளியே வந்து வேனில் ஏறியவளிடம் கோமதி, “என்னக்கா?” என்று கேட்டிருக்கிறாள். “ஒண்ணுமில்ல, லீவு கேக்கப் போனேன்” என்றாளாம். அவள் லீவு எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு துணிப்பையோடு வந்தாள். எல்லாம் ஒரே மத்தியானத்தில் எடுத்தது தெரியாமல் இருக்க, அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிவைத்தார்கள். ஒரு படம் எடுத்ததும் எல்லோரும் எழுந்துபோய் உடை மாற்றிவிட்டு வந்து இடம் மாறி உட்கார்ந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கவுண்டன்ட் ஜோக் அடித்துக்கொண்டே சட்டை மாற்றினார். அவள் சொன்னபோதெல்லாம் போய்ச் சேலை மாற்றி வந்தாள். ஒரு படத்துக்குத் தலையில் பூ வைத்தும், இன்னொன்றுக்கு எடுத்தும். “அக்கா, கொஞ்சம் பேசுத மாதிரி வாயத் தொறங்க” என்றான் ஸ்டூடியோக்காரன். அவள் கையை மேசைமேல் வைத்து, வாயைத் திறந்து, மேனேஜரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி உட்கார்ந்தாள். தேர்ந்த நடிகை மாதிரி இருந்தது. மைசூர்பாகைச் சந்தேகப்பட்டவள் இவள்தானா?

அடுத்த வாரமே லாரியில் புது ஃபேன் வந்து இறங்கியது. நான் இத்தனை காலம் கேட்டும் வராத ஃபேன். நானும் என் ஆட்களும் ஏணி போட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கீழே வந்து நின்றாள்.

“எப்படிம்மா வந்துச்சு?” என்று மேலிருந்தபடியே கேட்டேன்.

“வந்துச்சுல்லா. மாட்டுங்க அண்ணாச்சி.”

ஸ்விட்சைப் போட்டதும் கொட்டகையில் மிதந்துகொண்டிருந்த பஞ்செல்லாம் ஒரே திசையில் நகர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை அடித்திருந்ததையே பலர் அன்றுதான் பார்த்தார்கள். கோமதி துண்டை அவிழ்த்துவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் அந்த ஒரு நாள்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒருத்தி ஃபேனைப் பார்த்துக்கொண்டு, “கேக்காம வந்தது” என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி முடித்தாள். அப்புறம் எல்லோரும் மூன்றாம் நம்பர் மெஷினைப் பார்த்தார்கள். மேனேஜர் அறைக்குள் எதற்குப் போனாள்? லீவு என்று எதற்குப் பொய் சொன்னாள்? சேலை மாற்றச் சொன்னதும் எதற்குப் பேசாமல் மாற்றினாள்? அந்தச் சமயம் பார்த்து அவள் மகள் திருநெல்வேலியில் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். ஆடுகளை விற்றுச் சேர்த்தோம் என்று அவள் சொன்னாள். எத்தனை ஆடு, யாரிடம் விற்றாள் என்று பெண்கள் தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கேள்வியும் அவளே கேட்கிற மாதிரி இருந்தது. அவளுடைய வார்த்தைகள், அவளுடைய தொனி.

எனக்கும் சந்தேகம்தான். மேனேஜர் காரணம் இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வாங்கித் தரமாட்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பெண். நடுவயது, கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. மில் முழுக்க நடந்து பார்த்தார். வைண்டிங் கொட்டகையில் ஃபேனுக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டுக் குழு அறையில் எங்களை உட்காரவைத்தார். குழுவில் இல்லாத தொழிலாளர்களும் சிலர் இருக்கட்டும் என்று அவரே சொன்னதால் கோமதியும் இன்னும் சில பெண்களும் சுவரோரம் நின்றார்கள். மேனேஜர் படங்களை நீட்டினார். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கி வைத்துவிட்டு, வேறு யாரிடமும் கேட்காமல் நேராக வைண்டிங் அக்காவிடம் கேட்டார்.

“கூட்டம் மாசாமாசம் நடந்துச்சாம்மா?”

மேனேஜர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கோமதி சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள்.

“நடந்துச்சு” என்றாள் அவள்.

“நீங்க கேட்டதைச் செஞ்சு குடுத்தாங்களா?”

“ஃபேன் கேட்டோம். மாட்டிட்டாவ.”

அதிகாரி தலையசைத்தார். மேனேஜர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் மெதுவாகச் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடுவார்கள். வேனில் ஏறினால் பேச்சு நிற்கும். கோமதி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“எக்கா, மகளுக்கு சீட்டு வாங்குனது யாரு? ஒன் ஆடா, மேனேஜரா?”

அவள் சோற்று வாளியை மூடினாள். “ஆடுதான்” என்றாள். எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள், வெகுநேரம்.

இரண்டாம் தவணை வந்துசேர்ந்தது. அவளைக் காரணம் சொல்லாமல் வைண்டிங்கிலிருந்து எடுத்து, கோன்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் பிரிவில் போட்டார்கள். பெண்கள் அதையும் அவளுக்குக் கிடைத்த சலுகை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பேக்கிங்கில் தூசி கிடையாது.

கொஞ்ச நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மில்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கொட்டகை கட்டியிருந்தார்கள். “வைண்டிங்ல இருக்கிற அந்த ஃபேனைக் கழட்டிப் புது ஷெட்டுல மாட்டிருங்க. அங்க புது மெஷின், தூசி பட்டா கெட்டுப்போகுங்க. வைண்டிங்குக்கு அப்புறம் பாக்கலாங்க” என்றார். நான், “பொம்பளைங்க சத்தம் போடுவாங்க சார்” என்றேன். “நீங்க மாட்டுனதுதானே, நீங்களே கழட்டுங்க” என்றார்.

என் ஆட்கள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். பெண்கள் மெஷினை ஓட்டிக்கொண்டே பார்த்தார்கள். நான் முதல் படியில் கால் வைத்தபோது ஏணி அசைந்தது. திரும்பினால், அவள். பேக்கிங் கொட்டகையிலிருந்து ஓடிவந்திருக்கிறாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஏறாதிய அண்ணாச்சி.”

“எனக்கு உத்தரவும்மா.”

“தெரியும். இருந்தாலும் ஏறாதிய.”

யாரோ போய்ச் சொல்லி மேனேஜர் வந்துவிட்டார். “என்னங்கம்மா, உங்க பிரிவு இது இல்லீங்களே” என்றார், எப்போதும்போல அமைதியாக.

அவள் ஏணியை விடாமல் அவரைப் பார்த்தாள். மெஷின் ஓசையில் எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினாள்.

“சார், அன்னைக்குக் கதவச் சாத்திட்டு என்ன பேசுனோம்? ஃபேன் வந்தா நான் போட்டாவுக்கு உக்காருதேன், ஆபீசர் கேட்டா நடந்துச்சுன்னு சொல்லுதேன்னு சொன்னேன். சரின்னிய. மொதல்ல ஃபேன், பொறவுதான் ஆபீசர்னு நான்தான் கேட்டேன். நான் சொன்னபடி பொய் சொன்னேன். இந்த ஃபேனுக்கு என் வாய வித்திருக்கேன் சார். நீங்க கழட்டிட்டுப் போனா நான் எதுக்கு வித்தேன்?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் பேசலீங்க. நீங்க எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க” என்றார் மேனேஜர்.

முதலில் நின்றது கோமதியின் மெஷின். அடுத்து அதற்குப் பக்கத்து மெஷின். ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தன. வைண்டிங் கொட்டகை ஓடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஃபேன் சுற்றுகிற ஓசை மட்டும் தனியாகக் கேட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“சார், இன்னைக்குக் கழட்ட முடியாது. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு” என்றேன்.

மாட்டி ஒரு வருஷம்கூட ஆகாத போல்ட்டுகள். அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர், “சரிங்க, பாக்கலாங்க” என்றார். போய்விட்டார். ஃபேனை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கவேண்டும். பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள், ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். கோமதி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள்.

“இத அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா? நாங்க எம்புட்டுப் பேசிட்டோம்.”

“எப்படிச் சொல்ல? விசயம் முன்னக்கூட்டியே வெளிய போனா ஃபேன் வராது. உங்கள்ல யாரு மேனேஜர் காதுல போய் ஓதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“என்னையுமாக்கா சந்தேகப்பட்ட?”

அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம், அதிகாரியிடம் சொன்னவள்தானே. சொல்லவில்லை. கோமதி கையை எடுத்துக்கொண்டாள். தன் மெஷினுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து கூட்டுக் குழு நிஜமாகவே கூட ஆரம்பித்தது. கூட்டம் இல்லை என்றால் வைண்டிங் பெண்கள் அறை வாசலில் போய் நின்றார்கள். அவள் இடத்துக்குக் கோமதியைத் தேர்ந்தெடுத்தார்கள். கோமதி நன்றாகப் பேசினாள், சமோசாவையும் சாப்பிட்டாள். வைண்டிங் அக்காவை மட்டும் மேனேஜர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் போட்டார், பனவடலிசத்திரம் வேன் வராத நேரமாகப் பார்த்து. யாரிடமும் முறையிடாமல் ஒருநாள் கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வழியனுப்பக் கோமதி வந்தாளா என்று நான் பார்க்கவில்லை. வந்ததாக ஒருத்தி சொன்னாள், வரவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு போன கார்த்திகையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். பேத்தி சடங்குக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். அவள் விவசாயிகளிடம் பிச்சிப்பூ வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறாள். மகள் நர்ஸாக இருக்கிறாள், திருநெல்வேலியில். நலம் விசாரித்தோம். கோமதிக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குறைந்திருக்கிறது என்றேன். “சரி” என்றாள். கையில் இருந்த பூவை உதறி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு யார்ட்டயும் சொல்லல. அந்த ஆபீசர் அம்மா கிளம்பையில நான் குழாயடில நின்னேன். தனியா பக்கத்துல வந்தாவ. ‘அந்த ஃபேன் எப்பம்மா மாட்டுனாங்க?’ன்னு கேட்டாவ. எனக்குச் சட்டுனு வாயில வந்துட்டு, ‘இப்பதான், போன வாரம்’னுட்டேன். ஐயோ, இவிய வாராவன்னுதான் மாட்டுனதுன்னு தெரிஞ்சுபோச்சே, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். அவிய ஒண்ணும் சொல்லல. ‘கழட்டாமப் பாத்துக்கோங்க’ன்னுட்டு கார்ல ஏறிட்டாவ.”

“அப்போ அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு” என்றேன்.

“தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்காவ.” பூவைச் சாக்கில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “நம்ம மேல எரக்கப்பட்டுப் போட்டாவளா, இல்ல அவியளும் மேனேஜரும் ஒரே கூட்டாளியா? ஒரு நாளு அப்படித் தோணுது, ஒரு நாளு இப்படித் தோணுது. எரக்கமாத்தான் இருக்கும், கேக்காம வந்த எரக்கம்னு நெனச்சுக்கிட்டுப் படுத்தா, அன்னைக்குத்தான் எனக்கு ஒறக்கமே வர மாட்டேங்கு அண்ணாச்சி.”